‘தண்ணீர் நிரப்பிப் பார்த்தீர்களா?’ என்று கேட்டவருக்கு

வணக்கம்.

எங்கள் காற்றுத் தொட்டி வெடித்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். யாருடைய கண்ணுக்கும் கைக்கும் ஆபத்தில்லை என்று உறுதியான உடனே எழுதத் தோன்றியது இந்த மடல்தான். சைக்கிளின் ட்யூப்லெஸ் (உள்ளே ட்யூப் இல்லாத) டயரை ஒரே வீச்சில் காற்று விட்டு ரிம்மில் உட்கார வைக்க வீட்டிலேயே காற்றுத் தொட்டி செய்து வைத்திருக்கும் எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறோம்.

ஆறுதல் சொல்லப் பலர் வந்தார்கள். அந்த நேரத்தில் நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “அடுத்த தொட்டியில் காற்றடிக்கும் முன் தண்ணீர் நிரப்பிப் பார்த்தீர்களா?” கேட்டதோடு விடாமல், செய்முறையை ஒரு பக்கம் எழுதி அனுப்பினீர்கள். கீழே பெயர்கூடப் போடவில்லை. அந்த ஒரு பக்கம் எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது இந்தத் தொட்டிகளைக் கையாளுபவர்களுக்குத்தான் முழுதாகப் புரியும்.

2 லிட்டர் தொட்டியில் 7 பார் அழுத்தத்தில் காற்று இருந்தால், அது வெடிக்கும்போது ஆயிரம் ஜூலுக்கு மேல் ஆற்றல் ஒரே கணத்தில் வெளிவரும். 100 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்கப் போதுமான ஆற்றல் அது. அதே அழுத்தத்தில் தண்ணீர் இருந்தால் கதை வேறு. தண்ணீர் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை, அதனால் ஆற்றலும் சேர்வதில்லை. தொட்டி விரிசல் விட்டால் நீர் கசியும், கேஜ் (அழுத்தமானி) முள் சுழியத்துக்கு இறங்கும், அவ்வளவுதான். பலவீனமான தொட்டி தன் பலவீனத்தை யாரையும் காயப்படுத்தாமல் காட்டிக்கொடுக்க இதைவிட நல்ல வழி இல்லை.

நீங்கள் எழுதியபடியே செய்கிறோம். வேலை அழுத்தம் 7 பார் என்றால் சோதனை அதன் ஒன்றரை மடங்கு, அதாவது 10.5 பார். 11 பார் வரை அடிக்கக்கூடிய நின்று அடிக்கும் பம்பே இதற்குப் போதும். முதலில் அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறக்கும் சேஃப்டி வால்வைக் கழற்றி அந்தத் துளையை அடைப்பானால் மூட வேண்டும். இல்லாவிட்டால் 8 பாரிலேயே அது திறந்துகொள்ளும். தொட்டியைக் கழுத்து மேலே இருக்கும்படி நிறுத்தி, வழிய வழியத் தண்ணீர் ஊற்றி, பக்கங்களைத் தட்டிக் குமிழிகளை வெளியேற்றிய பிறகு மேற்பாகங்களை மாட்ட வேண்டும். காற்று உள்ளே போகும் ஷ்ரேடர் வால்வின் (கார் டயரில் உள்ள வகை) கோர், அதாவது நடுவிலுள்ள ஒருவழி அடைப்பு, அதன் இடத்திலேயே இருக்கட்டும், பம்புக்குள் தண்ணீர் திரும்பாது. நன்றாக நிரம்பிய தொட்டியில் பம்பைச் சில முறை அடித்ததுமே முள் துள்ளி ஏறும். மெதுவாக ஏறினால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது என்று பொருள். உடனே இறக்கி, மறுபடி நிரப்ப வேண்டும், ஏனென்றால் சிக்கிய காற்று இருக்கும்வரை அந்தச் சோதனையும் ஆபத்துதான்.

10.5 பாரில் பத்து நிமிடம் நிற்க வேண்டும். மரைகளில் ஈரம் தெரிந்தால் அழுத்தத்தை இறக்கிய பிறகே இறுக்க வேண்டும். சோதனைக்கு முன்பும் பின்பும் வயிற்றுப் பகுதியின் சுற்றளவை நாடாவால் அளக்கச் சொன்னீர்களே, அது எங்களுக்குத் தோன்றியே இருக்காது. அழுத்தம் இறங்கிய பின்னும் அளவு கூடுதலாக நின்றால் உலோகம் நிரந்தரமாக இழுபட்டுவிட்டது. அந்தத் தொட்டி பழைய இரும்புக்குப் போக வேண்டியதுதான்.

இதே காரணத்தால் குளிர்பான பாட்டிலை நாங்கள் முற்றிலும் கைவிட்டோம். அந்த பிளாஸ்டிக் ஒவ்வொரு முறை அழுத்தம் ஏறும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இழுபடும், ஒரு கீறலே வெடிப்பின் தொடக்கமாகிவிடும், எனவே இன்று தேறிய பாட்டில் நாளை தேறும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பி.வி.சி. குழாய் இன்னும் மோசம், உடைந்தால் கூரிய சில்லுகளாகப் பறக்கும். காலியான உலர்பொடித் தீயணைப்பானின் எஃகு உடல்தான் எங்கள் தேர்வு. அதையும் அழுத்தம் முழுவதும் போன பிறகே திறக்க வேண்டும். உடலில் துளையிடவோ பற்றவைக்கவோ கூடாது. ஏற்கெனவே உள்ள கழுத்து மரையே போதும். கார்பன் டை ஆக்சைடு அணைப்பானின் பக்கமே போகாதீர்கள், அதன் அழுத்தம் பல மடங்கு அதிகம்.

கழுத்தில் பித்தளை அடாப்டர், அதன் மேல் கால் அங்குல ஐந்துவழி இணைப்பு. அதில் கேஜ், 8 பார் சேஃப்டி வால்வு, ஷ்ரேடர் வால்வு, வெளியேறும் பக்கம் பால் வால்வு (கைப்பிடியைத் திருப்பித் திறக்கும் வகை). டெஃப்லான் டேப்பை மரை இறுகும் திசையில் மூன்று நான்கு சுற்று, முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றினால் துணுக்குகள் உள்ளே போகாது. ஹோஸ் குட்டையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் பீடு (ரிம்மில் பதியும் டயர் விளிம்பு) உட்காருவது மொத்தக் காற்றால் அல்ல, முதல் நொடியில் பாயும் வேகத்தால். டயரின் பிரெஸ்டா வால்வின் (சைக்கிள் டயரில் வரும் மெல்லிய வகை) கோரைக் கழற்றிவிட்டு ஹோஸைத் தண்டிலேயே அழுத்திப் பிடித்துத் திறந்தால் அந்த வேகம் கிடைக்கும். 7 பாரில் உள்ள 2 லிட்டர் தொட்டியைத் திறந்தால், 40 மி.மீ. அகல டயரில் கசிவில்லாமல் கணக்குப் போட்டால் சுமார் 3 பார் நிற்கும், 29 அங்குலம் 2.3 அகல டயரில் 1.8 பார். கொக்கியில்லாத (hookless, டயர் விளிம்பைப் பிடிக்கும் உள்வளைவு இல்லாத) ரிம்மானால் டயரில் 5 பாரைத் தாண்டக்கூடாது என்ற எல்லையை எப்போதும் நினைவில் வையுங்கள்.

கழுத்து அடாப்டரைக் கடைந்து தந்தவர், கேஜின் அளவைச் சரிபார்த்துக் கொடுத்தவர், பீடில் சோப்புத் தண்ணீர் பூசவும் சீலன்டை (கசிவை அடைக்கும் திரவம்) கடைசியில் ஊற்றவும் சொன்னவர்கள், அன்று ஓடிவந்து கைகொடுத்த ஒவ்வொருவரும்: உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இனி எங்கள் கையிலிருந்து போகும் ஒவ்வொரு தொட்டியின் வயிற்றிலும் தண்ணீர்ச் சோதனை செய்த தேதி பெயின்டால் எழுதப்பட்டிருக்கும். ஒரு வருடம் தாண்டினால் மறுசோதனை. சோதனை முடிந்ததும் கவிழ்த்து வைத்து, காற்றோட்டி, முழுக்க உலர்த்திவிடுவோம், அடியில் துரு பிடிக்க விடமாட்டோம். தேதி இல்லாத தொட்டியை இரவல்கூடத் தரமாட்டோம்.

உங்களிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். சேஃப்டி வால்வை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை இழுத்துப் பார்ப்பது என்று நீங்கள் எழுதி அனுப்பிய பக்கத்தில் இல்லை. இப்போதைக்கு நிரப்பும் ஒவ்வொரு முறையும் 2 பாரில் வளையத்தை இழுத்து, சீறுகிறதா, விட்டதும் மூடுகிறதா என்று பார்க்கிறோம். வேறு முறை இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். இந்த முறை பெயரையும் போடுங்கள்.