யன்னலோரக் கடதாசிப்பூ

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

இங்கே சுகம். ரொறன்ரோவில் நீயும் மருமகனும் சுகமாயிருக்க வேண்டும் என்று கோணேசரை வேண்டுகிறேன்.

வட்ஸ்அப்பில் அனுப்பின படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடதாசிப்பூச் செடியை, அதுதான் போகன்வில்லாவை, பல்கனியில் இருந்து உள்ளே எடுத்ததும் இலை கொட்டிவிட்டது, பயத்தில் தினமும் தண்ணீர் விடுகிறேன் என்று எழுதியிருந்தாய். முதலில் அதை நிறுத்து. ஒரு கொப்பை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார். தோலுக்கடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாய்க் காய்ந்திருந்தால் அந்தத் துண்டு போயிற்று, இன்னும் கீழே சுரண்டிப் பார். வெளிச்சமும் சூடும் திடீரென்று மாறினாலே இந்தச் செடி இலையைக் கொட்டும், அது நோயில்லை. ஆனால் இலையில்லாத செடி தண்ணீர் குடிக்காது. நீ விட்டதெல்லாம் மண்ணில் தேங்கி வேரை அழுகவைக்கும். அழுகின வேர் உறிஞ்சாது, மிச்ச இலையும் வாடும், வாட்டத்தைக் கண்டு நீ இன்னும் கொஞ்சம் விடுவாய். வீட்டுக்குள் வைக்கிற கடதாசிப்பூ பெரும்பாலும் சாவது இப்படித்தான்.

நாள் எண்ணித் தண்ணீர் விடாதே. விரலை இரண்டாம் மடிப்பு வரை மண்ணுக்குள் விடு. ஈரம் பட்டால் தண்ணீர் விடாதே, போத்தலை எடுத்த இடத்திலேயே வை. இன்னொரு வழி, சாடியைத் தூக்கிப் பார்ப்பது. நனைந்த சாடிக்கும் காய்ந்த சாடிக்கும் பாரம் எவ்வளவு வித்தியாசம் என்று இரண்டு தரத்தில் கைக்குப் பிடிபட்டுவிடும். விடுகிற நாளில் அடி ஓட்டையால் ஓடும் வரை விடு, கால் மணித்தியாலம் கழித்துத் தட்டில் நிற்பதை ஊற்றிவிடு. தினமும் அரைக் கோப்பை தெளிப்பதுதான் கெடுதல்: மேல் மண் நனைந்தே இருக்கும், அடிவேர் காயும். கோடையில் வெளியே இருக்கும்போது தினமும்கூடக் கேட்கும். இப்போது இலையில்லாத நிலையில் ஏறக்குறைய மூன்று கிழமைக்கு ஒரு தரம், அதுவும் விரலால் பார்த்துவிட்டு, சிறிதளவு போதும்.

இனி வெயில். யன்னல் தெற்குப் பார்த்ததுதானே? சாடியை அதன் ஓரத்திலேயே வை, ஆனால் கொப்பு கண்ணாடியில் முட்டக் கூடாது. ஹீட்டர் காற்று படவும் கூடாது. பூக்க வேண்டுமென்றால் நாளுக்கு ஐந்தாறு மணித்தியாலம் நேர் வெயில் வேண்டும். அறை வெளிச்சமாக இருக்கிறது என்பது வேறு, வெயில் விழுகிறது என்பது வேறு. முள்தான் வருகிறது, பூ வரவில்லை என்று போன முறை கேட்டாயல்லவா? இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலையை உற்றுப் பார். முள்ளும் பூங்கொத்தும் அதே இடத்து மொட்டில் இருந்துதான் வருகின்றன. வெயிலும் நீண்ட இரவும் கிடைத்தால் பூவாகும், இல்லாவிட்டால் முள்ளாகிவிடும். நாம் பூ என்று சொல்கிற சிவப்பு மூன்றும் இலைகள். உண்மையான பூ அவற்றின் நடுவில் குழாய் மாதிரி நிற்கிற சின்ன வெள்ளைப் பூ.

இங்கே பகல் வருடம் முழுக்கக் கிட்டத்தட்ட 12 மணித்தியாலம். ரொறன்ரோவில் மார்கழியில் 9, ஆனியில் 15க்கு மேல். குளிர்காலத்தில் இரவு நீளம்தான், ஆனால் வெயிலுக்குப் பலமில்லை. அதனால் தைக்குள் பூ எதிர்பார்க்காதே.

கச்சான் காற்று அடிக்கிற வறண்ட காலத்தில் உப்புவெளிப் பக்க மதில்களில் இலை தெரியாமல் பூத்திருந்தது ஞாபகம் இருக்கும். இப்போது மாரி தொடங்கிவிட்டது, அதே செடிகள் வெறும் பச்சையாய்த் தழைக்கின்றன. நம்மூர்ச் செடி என்று நினைக்கிறோம். 1767இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் கொமெர்சன் இதைக் கண்டது பிரேசிலில், ரியோ டி ஜெனீரோவில். அவர் போன கப்பல் பயணத்தின் தலைவர் பூகன்வீலின் பெயரால்தான் இதைப் போகன்வில்லா என்கிறார்கள். உறைபனி இதற்கு ஆகாது. 10 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் இலையைக் கொட்டி உறங்கப் போய்விடும்.

மாசிக் கடைசியில் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு கொப்பிலும் மூன்றில் ஒன்றைக் கத்தரி, கணுவுக்குச் சற்று மேலே. பூ புதுத் தளிரில்தான் வரும், அதனால் கை கூசாதே. தளிர் ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளு, இரண்டாகக் கிளைக்கும். ஒன்றிரண்டு தரம் கிள்ளினால் போதும், ஓயாமல் கிள்ளினால் பூ தள்ளிப்போகும். மொட்டு கட்டின பிறகு சாடியை அசைக்காதே, திருப்பாதே.

வைகாசிக் கடைசியில் இரவுக் குளிர் 10 பாகைக்கு மேல் நிலைத்ததும் வெளியே வை. முதல் பத்து நாள் நிழல், பிறகு காலை வெயில், பிறகு முழு வெயில். ஒரேயடியாக வெயிலில் வைத்தால் இலை வெளிறிக் கருகும். புரட்டாதியில் உள்ளே எடுக்கும் முன் இலையின் அடிப்பக்கம் எல்லாம் குழாய்த் தண்ணீரால் கழுவு. ஹீட்டர் போட்ட வீட்டின் உலர்ந்த காற்றில் சிலந்திப் பேன் பெருகும். இலையில் ஊசி குத்தின மாதிரி வெளிறின புள்ளி, அடியில் மெல்லிய நூலாம்படை. கணுவில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் அது வேறு பூச்சி, ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடை. இரண்டுக்கும் வேப்பெண்ணெய்க் கரைசல் கேட்கும், கிழமைக்கொரு தரம் மூன்று நாலு கிழமை அடிக்க வேண்டும். வெயிலில் வைத்து அடிக்காதே.

பெரிய சாடிக்கு மாற்ற அவசரப்படாதே, வேர் நெருங்கியிருந்தால்தான் நன்றாகப் பூக்கும். மாற்றுகிற நாளில் ஓரிரண்டு அங்குலம் மட்டும் பெரிய மண்சாடி எடு; கடையில் வாங்கும் சாடிமண் இரண்டு பங்கு, பெர்லைட் என்கிற பாரமில்லாத வெள்ளைக் குறுணிக்கல் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு. வேர் நூல் மாதிரி மெல்லியது, மண்கட்டியை உதறவே கூடாது. தளிர் விட்ட பிறகு இரண்டு கிழமைக்கொரு தரம் தக்காளிச் செடிக்குப் போடுகிற பசளையை, பக்கெற்றில் போட்ட அளவில் பாதியாகக் கரைத்து விடு. தழைச்சத்து கூடினால் இலைதான் கண்டபலன். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. அதற்குத் தண்ணீரில் கரைகிற இரும்புப் பசளை கிடைக்கும்.

படத்தில் சாடியைச் சுற்றி ஒரு வெள்ளை அலங்காரச் சாடி தெரிகிறது. உள்சாடியைத் தூக்கிப் பார்த்து, அதன் அடியில் தண்ணீர் நிற்கிறதா, ஓட்டை அடைபட்டிருக்கிறதா என்று இன்றைக்கே ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா