வைக்கோல் கட்டின் முன்னால்

கியோத்தோ

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்.

கியூடோவில், அதாவது ஜப்பானிய வில்வித்தையில், ஐந்தாம் டான் என்கிற தகுதிநிலைத் தேர்வு என்னவாயிற்று என்று கேட்டிருந்தாய். நான் போகவில்லை. எனக்கு ஹயாகே வந்துவிட்டது, நேரம் வருமுன்பே கை அம்பை விட்டுவிடும் கோளாறு. கியூடோ பழகுகிறவர்கள் இந்தச் சொல்லைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். நாணை முழுக்க இழுத்தபின் சில விநாடி அப்படியே நிற்க வேண்டும். எட்டுப் படிகளில் அது ஆறாவது, ‘காய்’ என்று பெயர். நெஞ்சு இரண்டு பக்கமும் விரிய விரிய, அம்பு தானாகக் கழல வேண்டும். எனக்கோ அம்பு கன்னத்தைத் தொட்டதுமே கை விட்டுவிடுகிறது. மனசு பொறு என்கிறது, கை கேட்பதில்லை. ஆனாலும் 28 மீட்டர் தள்ளியிருக்கும் 36 செ.மீ. வட்டத்தில் அம்பு போய்த் தைத்துக்கொண்டுதான் இருந்தது. அதனாலேயே இத்தனை நாள் இதை நான் கவனிக்கவில்லை.

எங்கள் ஆசான், சென்செய், திட்டவில்லை. வலு குறைந்த வில்லைக் கையில் கொடுத்து மகிவரா முன்னால் நிறுத்திவிட்டார். இறுக்கிக் கட்டிய வைக்கோல் உருளை அது. ஒரு வில் நீளம் தள்ளி நின்று எய்ய வேண்டும், தவறவே வழியில்லை. மூன்று மாதமாக அங்கேதான், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளோடு. முதல் வாரம் வெட்கமாக இருந்தது. அப்புறம் பார்த்தால், எழுபது தாண்டிய சென்செய்யும் தினமும் முதல் அம்பை அந்த வைக்கோலில்தான் எய்கிறார். நான் இழுத்து நிற்கும்போது என் வலது முழங்கையில் ஒரு விரலை வைத்துக்கொள்வார். அவர் விரலை எடுக்கும்வரை நான் விடக்கூடாது.

போன ஞாயிறு சஞ்சூசங்கெந்தோ கோயிலுக்குப் போயிருந்தேன். அந்த 120 மீட்டர் தாழ்வாரத்தில்தான் 1686-ல் வாசா தைஹாச்சிரோ என்ற வில்வீரர் ஒரே நாளில் 13,053 அம்பு எய்து, 8,133 அம்புகளை மறுமுனை சேர்த்தார். நடுவில் கை வீங்கி அவர் தளர்ந்தபோது, கையைக் கத்தியால் கீறி, கட்டிய இரத்தத்தை வெளியேற்றி மறுபடி எய்ய வைத்தவர் ஹோஷினோ கன்சாயெமோன் என்று ஒரு கதை உண்டு. அதுவரை சாதனை அந்த ஹோஷினோவின் பெயரில்தான் இருந்தது! எண்ணிக்கையெல்லாம் மறந்துபோய், அந்தக் கையைப் பற்றியே நினைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

வியாழக்கிழமை இருபது அம்பில் மூன்று முறை, சென்செய் விரலை எடுக்கும்வரை நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த அம்பை எடுத்து நீட்டினார். இந்த வருஷமும் தேர்வுக்குப் போகப் போவதில்லை.

அப்பாவுக்குக் கட்டுப் பிரித்ததும் எழுது.

உன் அன்பு நண்பன்