ஃபேன் ஓடுகிறது, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்கச் சொன்னாள் அம்மா. போனிலேயே கேட்டிருப்பேன், நீ எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பாய். சரி.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பள்ளி மைதானத்தில் சுற்றுச்சூழல் விழா நடந்தது. இதற்கெல்லாம் நீங்களா போனீர்கள் என்று நீ சிரிப்பாய். அம்மாவும் அதைத்தான் கேட்டாள். பெரிய விழாவாக நினைத்துக்கொள்ளாதே. ஏழெட்டு மேஜை, ஒரு மைக், அந்த மைக்கை விடவே விடாத ஒருவர். பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று வாசலில் கட்டியிருந்தார்கள், அதுவும் ஃபிளெக்ஸ் பேனரில்! நீ வந்திருந்தால் அங்கேயே சண்டைக்குப் போயிருப்பாய். உனக்குப் பதிலாக நான் ஒருவரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "யாரோ ஸ்பான்சர் சார்" என்று நழுவிவிட்டார். ஆளுக்கொரு மரக்கன்று வேறு. வாங்கியவர்களில் பலர் அதை வண்டி நிறுத்திய இடத்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள். கொடுக்கும்போதே எங்கே நடுவீர்கள், யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆனால் ரிப்பேர் மேஜை என்று ஒன்று போட்டிருந்தார்கள் பார், அதற்காகவே போகலாம். உடைந்த சாமானைக் கொண்டுபோனால் கூட உட்கார வைத்துச் சரிசெய்து காட்டுகிறார்கள். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய வழக்கமாம். நான் உன் மேசை ஃபேனைத் தூக்கிக்கொண்டு போனேன். பரீட்சைக்குப் படிக்கும்போது பேனாவை உள்ளே விட்டு இறக்கையைத் தள்ளி ஓட வைப்பாயே, அதேதான். கல்லூரிப் பெண் ஒருத்தி சுவிட்சைப் போட்டாள். உம்மென்று சத்தம், இறக்கை அசையவில்லை. விரலால் சுண்டிவிட்டதும் ஓடியது. "மோட்டார் நன்றாக இருக்கிறது அங்கிள், கண்டென்சர்தான் போயிருக்கிறது" என்றாள். மோட்டார் சுற்றத் தொடங்க முதல் தள்ளு கொடுப்பது அதுதானாம். சுண்டுவிரல் அளவு பெட்டி ஒன்றை வெட்டி எடுத்துவிட்டு, அதே அளவில் இன்னொன்றை இரண்டு வயரில் முறுக்கி டேப் சுற்றினாள். பத்து நிமிஷம் ஆகியிருக்காது. இந்த ஃபேனைத் தூக்கிப்போடச் சொல்லி அம்மா என்னிடம் எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறாள்! இப்போது அவளுக்குத்தான் முதல் காற்று.

உரக்குழி மேஜையில் ஓர் அம்மாள் நன்றாகச் சொன்னார். ஈரக்குப்பை நாறினால் காய்ந்த இலையைச் சேர்த்துக் கிளறிவிட வேண்டுமாம், அவ்வளவுதான். நம் வீட்டுத் தொட்டி ஏன் நாறியது என்று புரிந்தது.

கடைசி மேஜையில் பள்ளிப் பிள்ளைகள் ஓசோனைப் பற்றி அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். உன் ஏழாம் வகுப்புப் பேச்சுப்போட்டி ஞாபகம் வந்து நின்றுவிட்டேன். செப்டம்பர் 16, ஓசோன் தினம். இரண்டு பக்கத்தையும் மூச்சுவிடாமல் சொல்லி முதல் பரிசு வாங்கினாய். அந்தச் சான்றிதழ் இன்னும் பீரோவில் இருக்கிறது. அந்த வாயா இது, இப்போது எதைக் கேட்டாலும் "ம்" என்கிறது!

அந்த அட்டையில் இருந்ததில் ஒன்று எனக்குத் தெரியாதது. அண்டார்டிகாவில் ஹாலி என்ற இடத்தில் பிரிட்டிஷ்காரர்கள் 1950களிலிருந்தே ஓசோனை அளந்து எழுதிவந்திருக்கிறார்கள். வருஷா வருஷம் அதே பனி, அதே கருவி, அதே நோட்டு. அந்த எண்களை அப்போது யார் எடுத்துப் படித்திருப்பார்கள், சொல்? ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் என்ற மூன்று பேர் 1985இல் அவற்றை வைத்துத்தான் ஓசோன் படலத்தில் துளை என்று உலகத்துக்குச் சொன்னார்கள். 1987இல் ஓசோனைக் காக்க நாடுகள் சேர்ந்து போட்ட மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்துவிட்டது. ஃபிரிட்ஜிலும் ஸ்பிரேயிலும் இருந்த, ஓசோனை அரிக்கும் வாயுக்களைப் படிப்படியாக நிறுத்தினார்கள். 2066 வாக்கில் அண்டார்டிகாவுக்கு மேலேயும் ஓசோன் 1980இல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்க நான் இருக்கமாட்டேன். நீ இருப்பாய். இருக்க வேண்டும்.

இதை உபதேசமாக எடுத்துக்கொள்ளாதே. நீ எழுதும் அறிக்கைகளை யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை, எழுதி என்ன ஆகப்போகிறது அப்பா என்று அன்றைக்குக் கேட்டாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. ஆற்றுத் தண்ணீரை அளப்பதைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அந்த அட்டை முன்னால் நின்றபோதுதான் உன்னிடம் இதைச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. வேலை எப்படிப் போகிறது என்று நான் கேட்கவில்லை. சித்தி என்னென்னவோ சொன்னாள், அதையும் கேட்கவில்லை. வேண்டாம் என்றால் விட்டுவிட்டு வந்தாலும் வா, வீடு இருக்கிறது. ஆனால் அந்த அறையில் விளக்கைக்கூடப் போடாமல் தனியாக உட்கார்ந்திருக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி இரண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் நீ ஆன்லைனில் இருப்பதாகக் காட்டுகிறது என்று அம்மா சொல்கிறாள். அவள் ஏன் இரண்டு மணிக்கு விழித்திருக்கிறாள் என்று என்னைக் கேட்காதே.

இன்னொன்று. பழைய பேட்டரி, போன் எல்லாம் வாங்கிக்கொள்ள ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். குப்பையோடு போனால் லாரியில் நசுங்கித் தீப்பிடிக்குமாம். அதனால் பேட்டரி முனைகளில் டேப் ஒட்டித்தான் போடச் சொல்கிறார்கள். மேஜை டிராயரில் இருக்கும் உன் பழைய போனைக் கொடுக்கலாமா என்று கேட்கத்தான் அங்கிருந்தே உனக்குப் போன் செய்தேன். அதில் உன் படங்கள் ஏதாவது இருக்குமே, கேட்காமல் எப்படிக் கொடுப்பது? திரும்ப டிராயரிலேயே வைத்துவிட்டேன். மாதக் கடைசி வரை அந்தப் பெட்டி பள்ளியில் இருக்குமாம். கொடு என்றோ வேண்டாம் என்றோ ஒரு வரி எழுது, போதும்.

அன்புடன்,
அப்பா