கிடங்கு வரைகிற மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். அமெரிக்காவில் டெட்ராய்ட் வரை வந்தும் கிடங்கும் தொழிற்கூடமும்தான் வரைகிறேன், இதற்கா ஆர்க்கிடெக்சர் படித்தேன் என்று அலுத்துக்கொண்டாய் அல்லவா? அந்த ஊருக்கு உருவம் கொடுத்த மனிதர் பேர் வாங்கியதே அந்த வேலையில்தான் அம்மா. ஆல்பர்ட் கான் என்ற ஆர்க்கிடெக்ட்.

1869இல் ஜெர்மனியில், யூத மதகுரு ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே குடும்பம் டெட்ராய்ட்டுக்கு வந்துவிட்டது. கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஜூலியஸ் மெல்கர்ஸ் என்ற சிற்பி காசு வாங்காமல் வரையக் கற்றுக்கொடுத்தார். போதாக்குறைக்கு நிறங்களைச் சரியாகப் பிரித்தறியாத கண். 1928இல் டெட்ராய்ட்டின் ஃபிஷர் என்ற உயர்ந்த அலுவலகக் கட்டடத்தின் பளபளக்கும் பளிங்குக் கூடம் அவர் அலுவலகத்திலிருந்துதான் வந்தது என்றால் பார்த்துக்கொள்.

என்னைக் கேட்டால் ஃபிஷரைவிட, 1905இல் எழுந்த பேக்கார்டு கார் ஆலையின் பத்தாம் எண் கட்டடம்தான் பெரிய காரியம். அதுவரை ஆலை என்றால் மரத்தளம், தடித்த செங்கல் சுவர், சின்ன ஜன்னல். எண்ணெய் ஊறிய பலகை எப்போது பற்றிக்கொள்ளும் என்று தெரியாது. நடுவில் நிற்கிற தொழிலாளிக்குப் பகலிலும் இருட்டு. அங்கே முதல் ஒன்பது கட்டடங்களும் அப்படிப்பட்டவைதான். பத்தாவதைக் கான்கிரீட்டில் கட்டினார். அதற்குக் கம்பி செய்து கொடுத்தவர் பொறியாளரான அவர் தம்பி ஜூலியஸ் கான். நம் சைட்டில் பீமின் நீளக் கம்பிகளைச் சுற்றி ரிங், அதாவது வளையக் கம்பி, கட்டிவைப்போம். கான்கிரீட் கொட்டும்போது எவனாவது மிதித்து நகர்த்திவிடுவான், நான் கத்துவேன். தம்பி கானின் கம்பியில் இருபக்கமும் பட்டையாக விளிம்பு இருக்கும். அதை ஆங்காங்கே வெட்டி 45 டிகிரியில் மேலே வளைத்துவிட்டால் ஷியரை, அதாவது பீமைச் சாய்வாக வெடிக்கவைக்கும் விசையை, அதுவே தாங்கும். தாய்க் கம்பியோடு ஒட்டியே இருப்பதால் மிதித்தாலும் இடம் மாறாது. நாற்பது மாடி கட்டுகிறவனுக்கும் இப்படி ஒரு யோசனை வாய்க்காது!

பாரத்தைத் தூண்கள் ஏற்றுக்கொண்டதும் சுவரெல்லாம் ஜன்னலாகிவிட்டது. ஹைலேண்ட் பார்க்கில் 1910இல் திறந்த ஃபோர்டு ஆலையைப் போய்ப் பார். நான்கு மாடியும் கண்ணாடிதான். காரை நகர்த்திக்கொண்டே பாகம் பாகமாகப் பூட்டும் அசெம்பிளி லைன் 1913இல் அங்கேதான் ஓடத் தொடங்கியது. ஓடியதும் மாடிக்கு மாடி பொருளை ஏற்றி இறக்குவது தொல்லையாகிவிட்டது. பிறகு ஃபோர்டுக்கே ரூஜ் ஆற்றங்கரையில் ஒரே தளத்தில் எஃகுக் கொட்டகைகள், வெளிச்சம் கூரையிலிருந்து. தனக்குப் பேர் வாங்கித் தந்த கான்கிரீட் மாடிகளைத் தானே தள்ளிவைத்தார் பார், அந்த மனசு எனக்குப் பிடிக்கும்.

பிடிக்காததும் உண்டு. 1920களில் ஆலை முதலாளி ஹென்றி ஃபோர்டின் பத்திரிகை யூதர்கள்மேல் விஷம் கக்கிக்கொண்டிருந்தது. மதகுருவின் மகன் ஃபோர்டுக்கு வரைந்துகொண்டே இருந்தார். அலுவலகத்தில் அத்தனை பேருக்குச் சம்பளம் தர வேண்டாமா என்று உன் அம்மா கேட்கிறாள். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. அதே அலுவலகம் 1929இல் ஸ்டாலின்கிராட் டிராக்டர் ஆலைக்கும் வரைந்தது. மூன்றே ஆண்டுகளில் சோவியத் நாட்டுக்கு 500க்கும் மேற்பட்ட ஆலைகள். முதலாளி, கம்யூனிஸ்ட் என்று பேதம் பார்க்காத கை.

பேக்கார்டு வளாகத்தில் பெரும்பகுதியை இப்போது இடித்துவிட்டார்கள். ஹைலேண்ட் பார்க் இன்னும் மிச்சம் இருக்கிறது. சனிக்கிழமை தூங்காமல் போய் வா.

உன் கிடங்கின் வரைபடத்தை அனுப்பு. உள்ளே மூட்டை தூக்குகிறவனுக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். லாரி பின்னோக்கி வரும் பக்கத்துத் தூண்களுக்கு இரும்புக் காப்பு போட்டாயா? எல்லாரும் அதைத்தான் மறப்பார்கள்.

அன்புடன்,
அப்பா