டம்பர் மாற்றினால் ஆட்டம் போகாது: பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு முறைப்பாடு

முகாமையாளர் அவர்களுக்கு,
வாகனத் திருத்தகம்,
கிளிநொச்சி.

வணக்கம்.

ஸ்ரியரிங் ஆட்டத்தைத் திருத்தத் தந்த என் வாகனத்துக்கு நீங்கள் போட்ட பில்லைப் பற்றியது இந்தக் கடிதம். அதில் "கேம்பர், காஸ்டர் சரிசெய்தல்" என்று ஒரு வரி எழுதி அதற்குக் காசும் எடுத்திருக்கிறீர்கள். கேம்பர் என்பது சில்லு உள்ளுக்கோ வெளிக்கோ சாய்ந்திருக்கிற அளவு, காஸ்டர் என்பது சில்லு திரும்புகிற அச்சு முன்னுக்கோ பின்னுக்கோ சாய்ந்திருக்கிற அளவு. என்னுடையது 70 தொடர் லான்ட் குரூசர், 1990களில் வந்தது, முன்னுக்கும் பிளேட் ஸ்பிரிங், ஒரே துண்டாக வரும் முன் அக்சில். இந்த வாகனத்தில் கேம்பரைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு போல்ட் கூடக் கிடையாது. காஸ்டரை மாற்றுவதென்றால் ஸ்பிரிங்கைத் தளர்த்தி அதற்கும் அக்சிலுக்கும் நடுவில் ஆப்புத் தகடு வைக்க வேண்டும். அப்படி ஒரு தகடும் அங்கே இல்லை, ஸ்பிரிங்கை அக்சிலோடு பிடிக்கிற யூ போல்ட் நட்டுகளில் பழைய செம்மண் காய்ந்து பிடித்தபடியே இருக்கிறது, ஒருவரும் சாவி வைக்கவில்லை. அலைன்மென்ட் மெசினில் ஏற்றி இந்த வாகனத்துக்குச் செய்யக்கூடியது ஒன்றுதான், முன் சில்லு இரண்டையும் இணைக்கிற தண்டான ரை ரொட்டைத் திருகி டோ இன் வைப்பது, அதாவது சில்லுகளின் முன்பக்கம் கொஞ்சம் உள்ளுக்குப் பார்க்க வைப்பது. அப்படியென்றால் மற்ற இரண்டுக்கும் எதற்குக் காசு வாங்கினீர்கள்?

வாகனத்தைக் கொண்டுவந்து விட்ட அன்றே உங்கள் கவுண்டரில் இருந்த தம்பியிடம் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன், அவர் எழுதியும் கொண்டார். ஏ9 வீதியில் 60, 65 வேகத்தில் போகும்போது ஒரு பள்ளமோ பாலத்துப் பொருத்தோ இடித்தால் போதும், ஸ்ரியரிங் இடமும் வலமுமாக அடித்து உதறத் தொடங்கும், இரண்டு கையாலும் பிடித்தாலும் நிற்காது, பிரேக் பிடித்து நன்றாக வேகம் குறைத்தால்தான் அடங்கும். ஒன்றும் இடிக்காவிட்டால் 80இல் போனாலும் பேசாமல் போகும். இதை நான் வேண்டுமென்றேதான் சொன்னேன், ஏனென்றால் ரயர் பலன்ஸ் பிழைத்தால் வருகிற நடுக்கம் இப்படி இருக்காது, அது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மெல்ல ஏறி அந்த வேகத்தைத் தாண்டியதும் குறையும், அதற்குப் பள்ளம் தேவையில்லை. முன் ரயர்களைப் பின்னுக்கும் பின் ரயர்களை முன்னுக்கும் மாற்றிப் பார்த்துவிட்டேன், ஒரு வித்தியாசமும் இல்லை என்றும் சொன்னேன். இவ்வளவும் கேட்ட பிறகும் நாலு சில்லையும் பலன்ஸ் பண்ணி அதற்கும் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள்.

அப்புறம் அந்த டம்பர். பில்லில் பெரிய தொகை அதுதான். ஸ்ரியரிங் டம்பர் என்பது படுக்கையாகப் பூட்டிய ஒரு ஷொக் அப்சோபர், கல்லிலும் குழியிலும் சில்லு வாங்குகிற அடி கைக்கு வராமல் குறைக்க வைத்தது. எங்கேயோ ஒரு மூட்டு தளர்ந்திருந்தால் டம்பர் அதை இறுக்கப் போவதில்லை, கொஞ்ச நாளைக்கு மறைத்து வைக்கும். புதுசு போட்டதும் ஆட்டம் குறைந்தது உண்மைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குறைந்துவிட்டது என்று நம்பித்தான் நானும் வேகமாக ஓட்டினேன். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு மாங்குளம் பக்கம் வந்துகொண்டிருந்தபோது திரும்பவும் பிடித்தது, முன்னையதை விட மோசமாக. பின்னால் கொழும்பு பஸ் ஹோர்ன் அடித்தபடி ஒட்டிக்கொண்டு வருகிறது, என் பக்கத்தில் அம்மா இருக்கிறா. வீதியை விட்டு இறக்கி நிற்பாட்டியபோது என் கை இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

அங்கே நின்றபடியே உங்களுக்குப் போன் எடுத்தேன். "பழைய ஜீப் அண்ணை, கொஞ்சம் ஆடத்தான் செய்யும், வேண்டுமென்றால் ஸ்ரியரிங் பொக்ஸை மாற்றிப் பார்ப்போம்" என்று பதில் வந்தது. மாற்றிப் பார்ப்போம்! என் காசில் நீங்கள் பரிசோதனை செய்வீர்கள். வயதானால் வாகனம் ஆடும் என்பதை நான் ஏற்கவில்லை. ஏதோ ஒன்று தேய்ந்தால்தான் ஆடும், அது எது என்று கண்டுபிடிக்கத்தான் உங்களிடம் கொண்டுவந்தேன்.

கடைசியில் கண்டுபிடித்தது ஒட்டுசுட்டானில் உழவு இயந்திரம் திருத்துகிற ஒரு அண்ணை. அவரிடம் மெசின் ஒன்றும் கிடையாது, பாலை மரத்துக்குக் கீழே ஒரு ஜக்கும் கொஞ்சச் சாவிகளும். வாகனத்தை நிலத்தில் நிற்கவிட்டு, இஞ்சினை ஓடவிட்டு, ஸ்ரியரிங்கைச் சின்னதாக இங்கும் அங்கும் ஆட்டு என்று எனக்குச் சொல்லிவிட்டு அவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கையை வைத்துப் பார்த்தார். ரை ரொட் முனைகள், பொக்ஸிலிருந்து வருகிற தண்டு, பொக்ஸைச் சட்டத்தோடு பிடித்திருக்கிற போல்ட்டுகள், எல்லாம் இறுக்கம். நீங்கள் மாற்றச் சொன்ன பொக்ஸில் ஒரு பிழையும் இல்லை. பிறகு முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, சில்லை மேலேயும் கீழேயும் பிடித்து உள்ளுக்கும் வெளிக்கும் ஆட்டினார், லொடக்கென்று ஆடியது. பிரேக்கை மிதி என்றார். மிதித்தால் சில்லைப் பூட்டியிருக்கிற ஹப்பும் அதைத் தாங்கி இடம் வலமாகத் திரும்புகிற நக்கிளும் ஒன்றாகப் பிடிபட்டுவிடும், ஆட்டம் சில்லுப் பெயரிங்கில் என்றால் அதோடு நிற்க வேண்டும். நிற்கவில்லை. அப்படியென்றால் ஆடுவது அதற்கும் உள்ளே, நக்கிள் திரும்புகிற மேல் கீழ் பெயரிங்கில், எங்கள் ஆட்கள் கிங் பின் என்று சொல்கிற இடத்தில். இவ்வளவுக்கும் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்தான் எடுத்தது.

எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை என்று பார்த்துவிட்டு ரை ரொட்டைக் கழற்றினார், மீன் நிறுக்கிற கொக்கித் தராசை நக்கிள் கையின் நுனியில் கொழுவி இழுத்தார். பெயரிங் சரியான இறுக்கத்தில் இருந்தால் நக்கிள் திரும்ப முதல் தராசு சில கிலோவாவது காட்ட வேண்டும். முள் அசையவே இல்லை, நக்கிள் விரலால் தள்ளினாலே திரும்பியது. கழற்றிப் பார்த்தால், கீழ்ப் பெயரிங்கின் வெளி வளையத்தில் உருளைகள் குந்தியிருந்த இடமெல்லாம் வரிவரியாகப் பள்ளம், நகத்தை வைத்து இழுத்தால் ஒவ்வொன்றிலும் தடக்கும். உள்ளே கிறீஸ் இல்லை, டிப்பரென்சல் ஒயில் சீலைத் தாண்டி வந்து கிறீஸோடு கலந்து கஞ்சித் தண்ணி மாதிரிக் கிடந்தது. அந்த ஒயில் வெளியே கசிந்து நக்கிள் உருண்டையிலும் ரயரின் உட்பக்கத்திலும் செம்மண்ணோடு அப்பியிருந்ததை உங்கள் ஆட்கள் குனிந்திருந்தால் பார்த்திருப்பார்கள். டம்பர் பூட்ட அதற்குப் பக்கத்தில்தானே படுத்தார்கள்?

இது வன்னி. மாரி வந்தால் குளத்துத் தண்ணி வீதியைக் குறுக்கறுத்து ஓடும், சில்லு மூழ்க அதற்குள்ளால்தான் வயலுக்குப் போக வேண்டும், கோடையில் புழுதி. நக்கிளுக்குள் தண்ணி போவதும் சீல் போவதும் பெயரிங் போவதும் இங்கே புதினமில்லை. இங்கே கடை திறந்தவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பெயரிங், சீல் எல்லாம் புதுசு போட்டு, பெயரிங் இறுக்கத்தைச் சரிசெய்கிற மெல்லிய ஷிம் தகடு சரிபார்த்து, புதுக் கிறீஸ் அடைத்து, அதே தராசால் திரும்ப இழுத்துப் பார்த்துப் பூட்டினோம். அதன் பிறகு நீங்கள் விற்ற டம்பரை வேண்டுமென்றே கழற்றி வைத்துவிட்டு முல்லைத்தீவு வரை ஓட்டினேன். டம்பர் இல்லாமலே 80இல் பாலப் பொருத்து ஒவ்வொன்றும் இடித்தது, ஸ்ரியரிங் ஒரு தரம் துள்ளிவிட்டு நேராக நின்றது. வேறு அத்தாட்சி வேண்டுமா?

சரி, நான் கேட்பது இதுதான். கேம்பர், காஸ்டர் வரிக்கான பணம் முழுதாக வேண்டும், அது செய்யாத வேலை. டம்பரின் விலையும் பூட்டுகூலியும் வேண்டும், டம்பரைத் துடைத்துப் பெட்டியோடு கொண்டுவந்து தருகிறேன். ரயர்களை மாற்றிப் பார்த்தும் வித்தியாசமில்லை என்று சொன்ன பிறகும் செய்த பலன்ஸுக்கான பணமும் வேண்டும். டோ இன் வைத்த காசை நான் கேட்கவில்லை, அதையாவது செய்திருக்கிறீர்கள், பெயரிங் ஆடிக்கொண்டிருக்கும்போது வைத்த டோ இன் எவ்வளவு சரியாக இருந்திருக்கும் என்பது வேறு கதை. பெயரிங் மாற்றிய செலவையும் உங்கள் தலையில் கட்டவில்லை, அது என் வாகனத்தின் தேய்மானம்.

பில்லின் பிரதியும் கழற்றிய பெயரிங் வளையத்தின் படங்களும் இத்துடன் இருக்கின்றன. இரண்டு கிழமைக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். இல்லாவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு கொடுப்பேன். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அந்தக் காலம் இன்னும் முடியவில்லை, ஆகையால் இழுத்தடித்துப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. என் வாகனத்திலிருந்து கழற்றிய பழைய டம்பரை நீங்கள் திருப்பித் தரவில்லை. அதில் ஒயில் கசிவு கூட இருக்கவில்லை. பணம் வாங்க வரும்போது அதையும் எடுத்து வையுங்கள், திரும்பப் பூட்ட வேண்டும்.

இப்படிக்கு,
லான்ட் குரூசர் உரிமையாளர்,
ஒட்டுசுட்டான்.