பெங்காசிக்கு விமானம் வந்தது, அப்புறம்?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கட்டுரையைப் படித்தேன். 2009-ல் முள்ளிவாய்க்காலுக்கு யாரும் வரவில்லை, 2011-ல் லிபியாவின் பெங்காசி நகரைக் காக்க விமானங்களோடு வந்தார்கள், உலகம் மனது வைத்தால் முடியும் என்பதற்கு லிபியாவே சாட்சி என்று எழுதியிருக்கிறாய். கடைசியில் "நமக்கும் ஒரு விமானம் வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறாய். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. 2009-ல் இங்கே தெருவில் நின்ற எல்லோரும் கேட்டது அதைத்தான். ஆனால் லிபியாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் அது முழுக் கதையையும் சொல்லும். உன் வயதுப் பிள்ளைகள் பலர் இதே கேள்வியைக் கேட்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் நீ சொன்னதில் சரியானதைச் சொல்லிவிடுகிறேன். பெங்காசி மக்களின் பயம் பொய்யில்லை. 1996-ல் தலைநகர் திரிபோலியின் அபு சலீம் சிறையில் சுமார் 1,200 கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குடும்பங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தாய்மார்களும் மனைவிமார்களும் சாப்பாடும் துணிமணியும் கட்டிக்கொண்டு பெங்காசியிலிருந்து அத்தனை தூரம் போய் சிறை வாசலில் நின்றார்கள். காவலர்கள் பையை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள். இது வருடக்கணக்கில் நடந்தது. செத்துப்போனவனுக்குப் போன சட்டையை யார் போட்டுக்கொண்டார்களோ! அந்தக் குடும்பங்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் ஃபாத்தி தெர்பில் 2011 பிப்ரவரி 15 அன்று கைது செய்யப்பட்டபோதுதான் பெங்காசி தெருவுக்கு வந்தது. ஒரு வாரம் கழித்து, அப்போது லிபியாவை ஆண்ட கடாஃபி தொலைக்காட்சியில் தோன்றி, வீடு வீடாக, சந்து சந்தாக வருவேன் என்றார். அபு சலீமை அறிந்தவர்கள் அதை வெறும் மிரட்டலாக எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

மார்ச் 17 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை, லிபியப் பொதுமக்களைக் காக்கப் படைபலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் தீர்மானத்தை (எண் 1973) நிறைவேற்றியது. பத்து நாடுகள் ஆதரித்தன. இந்தியா, சீனா, ரஷ்யா, ஜெர்மனி, பிரேசில் ஆகிய ஐந்தும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. மார்ச் 19 காலையில் கடாஃபியின் டாங்கிகள் பெங்காசியின் விளிம்புக்கு வந்துவிட்டன. மாலையில் பிரெஞ்சு விமானங்கள் தாக்க ஆரம்பித்தன. அன்றைக்கு அந்த ஊரில் ஒரு தாயாக நான் இருந்திருந்தால் அந்த விமானச் சத்தத்துக்குக் கை கூப்பியிருப்பேன். இதில் உனக்கும் எனக்கும் சண்டையே இல்லை.

உன் கட்டுரை அங்கேயே நின்றுவிடுகிறது, போர் நிற்கவில்லை. பெங்காசி தப்பிய பிறகும் ஏழு மாதம் நடந்தது. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தூதுக்குழு மார்ச் 20 அன்று லிபியாவுக்குப் பறக்க அனுமதி கேட்டது, கிடைக்கவில்லை. ஏப்ரல் 10 அன்று தென்னாப்பிரிக்க அதிபர் ஜேக்கப் சூமாவும் மற்ற தலைவர்களும் திரிபோலி போய்ப் போர்நிறுத்தத் திட்டத்துக்குக் கடாஃபியைச் சம்மதிக்க வைத்ததாகச் சொன்னார்கள். கடாஃபி விலகாத எந்தத் திட்டமும் வேண்டாம் என்று மறுநாளே பெங்காசியின் கிளர்ச்சித் தரப்பு மறுத்துவிட்டது. கடாஃபியின் சம்மதத்தை நம்பியிருக்கலாமா என்றால், எனக்கும் சந்தேகம்தான். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கக்கூட யாருக்கும் மனமில்லை. சில நாளில் அமெரிக்காவின் ஒபாமா, பிரான்ஸின் சர்கோசி, பிரிட்டனின் கேமரன் என அந்நாட்டுத் தலைவர்கள் மூவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள்: கடாஃபி அதிகாரத்தில் இருக்கும் எதிர்காலத்தை நினைத்தே பார்க்க முடியாதாம். மக்களைக் காக்கத் தந்த அனுமதி ஆட்சியைக் கவிழ்க்கும் அனுமதியாக மாறியது அப்படித்தான். அக்டோபர் 20 அன்று சிர்த் நகரிலிருந்து தப்பியோடிய வாகன வரிசையை, மேற்கத்திய நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவின் விமானங்கள் அடித்தன. கழிவுநீர்க் குழாயில் ஒளிந்திருந்த கடாஃபியை மிஸ்ராட்டா நகரத்துக் கிளர்ச்சிப் போராளிகள் இழுத்துப்போட்டார்கள், அன்றே ஆள் முடிந்தது. அந்த மாதக் கடைசியில் நேட்டோ கணக்கை மூடிவிட்டுக் கிளம்பியது.

அப்புறம் என்ன ஆனது என்பதற்கு ஓர் ஊரைச் சொல்கிறேன். மிஸ்ராட்டாவுக்குத் தெற்கே தவெர்கா என்று ஓர் ஊர். சுமார் நாற்பதாயிரம் பேர், பெரும்பாலும் கறுப்பின லிபியர்கள். மிஸ்ராட்டா முற்றுகையின்போது கடாஃபியின் படை தவெர்காவில் தளம் அமைத்திருந்தது, ஊர்க்காரர்கள் பலர் அதில் சேர்ந்திருந்தார்கள். கொடூரக் குற்றச்சாட்டுகளும் இருந்தன. 2011 ஆகஸ்டில் மிஸ்ராட்டா ஆயுதக் குழுக்கள் உள்ளே நுழைந்து மொத்த ஊரையும் விரட்டின, வீடுகளைக் கொளுத்தின. கைக்குழந்தையும் கிழவியும் அதே குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்தார்கள். நேட்டோ விமானங்கள் அப்போதும் லிபிய வானத்தில்தான் இருந்தன. பொதுமக்களைக் காக்கும் தீர்மானமும் அமலில்தான் இருந்தது. தவெர்காவுக்கு எந்த விமானமும் வரவில்லை. 2018 பிப்ரவரியில் ஊர் திரும்பலாம் என்று அரசு சொன்னதை நம்பி மூட்டை முடிச்சோடு கிளம்பியவர்களைத் துப்பாக்கிக்காரர்கள் வழியிலேயே மறித்தார்கள்.

மறித்தவர்களை விலக்க ஒரு போலீஸ் இல்லை. காரணம், தீர்மானத்திலேயே அந்நியப் படை ஆக்கிரமிப்பு கூடாது என்று இருந்தது. லிபியர்களும் அதைத்தான் கேட்டார்கள், கேட்டதில் நியாயமும் இருந்தது. ஆனால் மேலிருந்து அடித்தால் கீழே இருக்கிற ஆட்சி விழும், ஆயுதக் கிடங்குகளின் கதவு திறக்கும், கையில் துப்பாக்கி உள்ளவன் எவனோ அவன் தெருவுக்கு அதிபதி. புதிய அரசு ஆயுதக் குழுக்களைக் கலைக்க முடியாமல் அவர்களுக்கே சம்பளம் கொடுத்தது. சம்பளம் வாங்கிய ஒரு குழுதான் 2013 அக்டோபரில் பிரதமர் அலி ஸெய்தானை திரிபோலி ஓட்டலிலிருந்து விடியற்காலையில் கடத்திக்கொண்டு போய்ச் சில மணி நேரம் வைத்திருந்தது. அடுத்த ஆண்டு நாட்டில் இரண்டு அரசாங்கம். அதற்குள் லிபியக் கிடங்குகளின் ஆயுதங்கள் பாலைவனம் தாண்டி மாலி வரை போய் அங்கே ஒரு போரையும் மூட்டிவிட்டன.

டெர்னா என்ற லிபிய ஊரையும் சொல்லியாக வேண்டும். ஊருக்கு மேலே 1970-களில் கட்டிய இரண்டு அணைகள், விரிசல் விட்டவை. பல ஆண்டு இழுத்தடிப்புக்குப் பிறகு ஒரு துருக்கி நிறுவனம் 2010-ல்தான் பழுதுபார்க்க ஆரம்பித்தது. சில மாதங்களில் கிளர்ச்சி, வேலை நின்றது, வந்தவர்கள் போய்விட்டார்கள். 2023 செப்டம்பரில் புயல் மழையில் இரண்டும் ஓர் இரவில் உடைந்து, ஆயிரக்கணக்கானவர்களைத் தூங்கும்போதே கடலுக்கு அடித்துக்கொண்டு போனது. இதை நேட்டோவின் தலையில் கட்ட மாட்டேன். கடாஃபி காலத்திலேயே அந்த அணைகளைக் கவனிக்கவில்லை. ஆனால் நடுவில் பன்னிரண்டு ஆண்டு இருந்ததே, அணையைப் பார்க்க ஓர் அரசாங்கம் இருந்ததா?

"சும்மா இருந்தால் மட்டும் சாகமாட்டார்களா, ருவாண்டாவைப் பாருங்கள் சித்தி" என்று நீ சொல்வாய். பார்ப்போம். 1994-ல் ருவாண்டாவில் இனப்படுகொலை தொடங்கியபோது ஐ.நா. படை ஏற்கெனவே அங்கே இருந்தது. கிகாலியின் ஒரு பள்ளிக்கூடத்தில் பெல்ஜிய வீரர்களை நம்பிச் சுமார் இரண்டாயிரம் பேர் தஞ்சம் புகுந்திருந்தார்கள். ஏப்ரல் 11 அன்று வீரர்கள் வண்டியேறிப் போனார்கள். சில மணி நேரத்தில் கொலை தொடங்கியது. பத்து நாள் கழித்து பாதுகாப்பு அவை மொத்தப் படையையும் சுமார் 270 பேராகக் குறைக்க முடிவு செய்தது.

இப்போது கிளிநொச்சிக்கு வா. 2008 செப்டம்பரில் இலங்கை அரசு சொன்னதும் ஐ.நா. ஊழியர்கள் வன்னியை விட்டுக் கிளம்பினார்கள். அலுவலக வாசலில் மக்கள் கூடி நின்று கெஞ்சினார்கள். குண்டு போடச் சொல்லியா கெஞ்சினார்கள்? போகாதீர்கள் என்றுதான். பார்க்க ஒரு வெளிக்கண் இருந்தால் கொல்கிற கை கொஞ்சமாவது தயங்கும் என்று அவர்கள் நம்பினார்கள். அந்தக் கண்ணையும் எடுத்துக்கொண்டுதான் உலகம் போனது. உன் கோபம் போக வேண்டிய இடம் அது. வராத விமானத்தைவிட, கிளம்பிப் போன அந்த வண்டிகளின் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

நின்றால் மட்டும் போதுமா என்றால், போதாது. 1987 ஜூலையில் இந்திய அமைதிப்படையை யாழ்ப்பாணத்தில் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் அதே படை யாழ் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்சுகளையும் சுட்டுக் கொன்றது. அங்கேயே நின்ற படைதான் அது, ஆனால் தன்னைத் தவிர யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாறாக 1999-ல் இந்தோனேசியாவின் பிடியில் இருந்த கிழக்குத் திமோருக்கு ஆஸ்திரேலியா தலைமையில் போன படையைப் பார். இந்தோனேசியாவை நெருக்கிச் சம்மதம் வாங்கி, ஐ.நா. அனுமதியோடு தரையில் இறங்கினார்கள். 2002-ல் அந்த நாடு சுதந்திரம் பெறும்வரை ஐ.நா.வே அங்கே நிர்வாகம் நடத்தியது. குறைகள் நிறைய உண்டு, ஆனாலும் தெருவில் ஒரு பொறுப்பு இருந்தது. அதனால் வெளிநாட்டுப் படையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை.

உன் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் லிபியாப் பகுதியை மட்டும் திருத்தி எழுது. படை போக வேண்டும் என்று சொல்லும் ஒவ்வோர் இடத்திலும், யார் போவார்கள், எத்தனை வருடம் இருப்பார்கள், தவறு செய்தால் யாரிடம் பதில் சொல்வார்கள் என்று சேர்த்து எழுது. கிளிநொச்சி வாசலில் நின்றவர்களைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதவில்லை. அதையும் எழுது.

அன்புடன்,
சித்தி