ஏற முன்னம் இரண்டு சுற்று

வெள்ளவத்தை

அன்பு மகளுக்கு,

ஓகஸ்ட் லீவுக்கு வரும்போது பிள்ளைகளை ஹன்வெல்லைப் பக்கம் லெஷர் வேர்ல்டு விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப்போக வேணும் என்று எழுதியிருந்தாய். கட்டாயம் போங்கோ. நாலு வயதுக்காரியும் எட்டு வயதுக்காரனும் அங்கே படிக்க நிறைய இருக்கு. ஆனால் ராட்டினத்தில் இருந்து கத்துகிற நேரத்தில் ஒன்றும் மனதில் ஏறாது. ஏற முன்னம் வெளியில் நின்று பார்க்கிற நேரம்தான் படிப்பு. ஆகவே எதிலும் உடனே ஏற்றாதே. இரண்டு சுற்றுப் பார்க்கவிட்டு ஒரேயொரு கேள்வி கேள். விடையை நீ சொல்லாதே.

போவதற்கு முதல்நாள் பின்னேரம் விகாரமகாதேவிப் பூங்காவில் ஊஞ்சல் ஆடவிடு. சங்கிலி 2 மீற்றர் நீளம் என்றால் பத்துத்தரம் போய்வர ஏறக்குறைய 28 விநாடி எடுக்கும். சின்னவள் இருந்தாலும் பெரியவன் இருந்தாலும் கிட்டத்தட்ட அதேதான். பாரமான ஆள் கெதியாக ஆடுவார் என்றுதான் பெரியவன் நினைப்பான். அவனே எண்ணிப் பார்க்கட்டும். அடுத்தநாள் ஆடுகிற கப்பலைக் கண்டால், அதுவும் ஒரு பெரிய ஊஞ்சல் என்று தானாகவே விளங்கும். அப்போது கப்பலின் அடியைக் காட்டு. அநேகமான கப்பல்களில் அங்கே ஒரு ரப்பர்ச் சில்லு இருக்கும். கப்பல் தன்னைக் கடக்கும்போதெல்லாம் அது கொஞ்சம் தள்ளிவிடும். ஊஞ்சலில் தங்கச்சியைத் தள்ளும்போது அவன் கை செய்ததும் அதுதான்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, சங்கிலியில் கதிரைகள் தொங்கிச் சுத்துகிற ராட்டினம். "வெறுங் கதிரை கூடச் சரியுமோ, ஆள் இருக்கிற கதிரை கூடச் சரியுமோ?" என்று கேள். பெரியவர்களே பிழையாகச் சொல்லுவார்கள். ஒரே வட்டத்தில் தொங்குகிறவை இரண்டும் ஒரே அளவுதான் சரியும். பாரம் கூடினால் கீழே இழுக்கிற விசையும் கூடும், அந்தப் பாரத்தை வட்டத்தில் வளைத்துச் சுற்றத் தேவையான விசையும் அதே அளவுக்குக் கூடும். இந்தக் காரணம் எட்டு வயதுக்கு வேண்டாம். கண்ணால் கண்டு "ஏன்?" என்று அவன் கேட்டால் போதும், அந்தக் கேள்வி பல வருஷம் அவனோடு இருக்கும்.

குதிரை ராட்டினம் சின்னவளுக்கு. ஒருதரம் உள்குதிரையிலும் ஒருதரம் வெளிக்குதிரையிலும் ஏற்று. நடுவில் இருந்து 3 மீற்றரில் உள்ள குதிரை ஒரு சுற்றில் 19 மீற்றர் ஓடும். 4 மீற்றரில் உள்ளது அதே நேரத்தில் 25 மீற்றர் ஓடும். அவளுக்குக் கணக்குத் தேவையில்லை, எதில் காற்றுக் கூட அடிக்குது என்று கேள். இறங்கினதும் தலை சுத்தும். அதற்கு வீட்டில் ஒரு கிளாஸ் தண்ணீரில் கொஞ்சம் தேயிலைத் தூள் போட்டுச் சுழற்றி, சட்டென்று நிறுத்திக் காட்டு. கிளாஸ் நின்றாலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். உள்காதில் இருக்கிற நீரும் அப்படித்தான்.

மேலும் கீழுமாகச் சுத்துகிற பெரிய ராட்டினத்தில் ஆட்களை வரிசையாக ஏற்றாமல் எதிரெதிர்ப் பக்கமாக ஏற்றுவதைக் கவனிக்கச் சொல். ஒரு பக்கம் மட்டும் பாரமானால் மேலே இழுக்க மோட்டார் சிரமப்படும். ரோலர் கோஸ்டர் எங்கே கண்டாலும், முதல் மேடுதான் உயரமா என்று பார்க்கச் சொல். சங்கிலி இழுத்து ஏற்றுகிற வகையில் பெட்டிக்கு எஞ்சின் கிடையாது. முதல் மேட்டில் சேர்த்ததை உரசலிலும் காற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டு போகும். ஆகவே அந்த உயரத்துக்குத் திரும்ப ஏற அதனால் ஏலாது.

உயரம் பார்க்கிற கோட்டில் பொய் சொல்லாதே, குதிக்காலைத் தூக்கவும் விடாதே. ஆளைப் பிடிக்கிற கம்பி குறிப்பிட்ட உடம்பளவுக்குச் செய்தது. சின்ன உடம்பு அதற்குக் கீழால் வழுக்கிப் போகும். இதைக் காரணத்தோடு சொன்னால் சின்னவளும் அழாமல் கேட்பாள். பயப்படுகிற பிள்ளையை ஒருநாளும் இழுத்து ஏற்றாதே. அவள் "வேண்டாம்" என்றால், கீழே நின்று அண்ணன் எத்தனை சுற்றுச் சுத்துகிறான் என்று எண்ணட்டும்.

கியூவில் நிற்பதும் கணக்குத்தான். ஒருதரம் 20 பேர் ஏறுகிறார்கள், ஏறி இறங்க 5 நிமிஷம், முன்னால் 60 பேர் என்றால் எவ்வளவு நேரம் நிற்க வேணும்? பெரியவனைக் கேள்.

இப்படியான ஒரு நாள் கெட்டுப்போவது பெரும்பாலும் சாப்பாட்டாலும் வெயிலாலும்தான். சாப்பிட்டு முக்கால் மணித்தியாலம் சுத்துகிறது ஒன்றும் வேண்டாம், தண்ணீர் விளையாட்டும் வேண்டாம். 11 மணிக்கு முன்னம் பெரிய விளையாட்டுகளை முடித்துவிட்டு, பின்னேரம் மூன்று மணிவரை நிழலில் இருங்கோ. செவ்விளநீர் குடிக்கக் கொடு. வாந்தி எடுத்தால் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்) கொடு, பைக்கற்றில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரிலேயே கரைக்க வேணும். போயா (பௌர்ணமி) லீவு நாளும் சனி ஞாயிறும் சனம் கூட, கிழமை நாளில் போங்கோ. உள்ளே போனதும் ஒரு சந்திக்கிற இடத்தைக் காட்டிவிட்டு, உன் இங்கத்தைய போன் நம்பரைச் சின்னவளின் கையில் பேனையால் எழுதிவிடு. வழி தவறினால் யூனிஃபோர்ம் போட்டவரிடம்தான் போக வேணும் என்று இரண்டு பேரையும் சொல்லிக் காட்டச் சொல்.

ஒரு நாளைக்கு நாலைந்து கேள்வி காணும். அதற்கு மேல் கேட்டால் சோதனை மாதிரி ஆகிவிடும், பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். விநாடி முள்ளு உள்ள கைக்கடிகாரம் ஒன்று பெரியவனுக்குக் கொண்டு வா. போன் வேண்டாம், அதைக் கையில் கொடுத்தால் ராட்டினத்தைப் பார்க்க மாட்டான்.

அன்புடன்,
அம்மா